இரைச்சலில் மெட்டல் டிடெக்டர்: நெல்லையில் சொல்லிச் செய்து வாங்கிய காதுமூடி ஹெட்போன்

திருநெல்வேலி சந்திப்பில், ஆம்ப்ளிஃபையரும் ஒலிபெருக்கியும் பழுதுபார்க்கும் சிறிய கடை ஒன்றில் சொல்லிச் செய்து வாங்கிய ஹெட்போனைப் பற்றிய மதிப்புரை இது. கல் உடைக்கும் ஆலைகளில் இரைச்சலைத் தடுக்கத் தொழிலாளர்கள் அணிகிற கெட்டியான காதுமூடி ஒன்றை நாம் வாங்கிக் கொடுத்தால், அதன் இரு கிண்ணங்களுக்குள்ளும் ஸ்பீக்கர் வைத்து, ஒலியளவைக் கூட்டவும் குறைக்கவும் ஒரு திருகும், மண்ணுக்குள் உலோகம் இருந்தால் ஒலி எழுப்பும் மெட்டல் டிடெக்டரில் செருகுவதற்கு ஒரு பின்னும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். டிடெக்டருடன் பெட்டியிலேயே வந்த ஹெட்போனையும், பாட்டுக் கேட்பதற்காக வீட்டில் வாங்கிய புளூடூத் ஹெட்போனையும் பயன்படுத்திய பிறகு இதற்கு மாறினேன் என்பதால், மூன்றையும் ஒப்பிட்டே எழுதுகிறேன்.

எனக்கு மெட்டல் டிடெக்டர் தேவைப்படுவது ஒரே வேலைக்குத்தான். குளிக்கப் போன இடத்தில் மோதிரத்தையோ தாலிச் சங்கிலியையோ கொலுசையோ தவறவிட்டவர்கள் கூப்பிடும்போது போய்த் தேடிக் கொடுப்பது. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை போன்ற தொல்லியல் இடங்களின் பக்கம் இந்தக் கருவியைக் கொண்டுபோகவே கூடாது. மற்ற இடங்களிலும், மண்ணுக்குள் மறைந்து கிடந்த பொருள் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ளதாகக் கிடைத்தால் ஆட்சியருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டம் சொல்கிறது. தொலைத்தவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, அந்த இடத்துக்குப் பொறுப்பானவர்களிடம் சொல்லிவிட்டுத் தேடுவதே எல்லாருக்கும் நல்லது.

ஆனால் நகை தொலைகிற இடம் ஒருபோதும் அமைதியான இடமாக இருப்பதில்லை. பாபநாசத்தில் ஆறு பாறைகளில் மோதுகிற ஓசை, உவரியில் அலை, வண்ணாரப்பேட்டையில் சுலோசன முதலியார் பாலத்தின் மேல் ஓயாமல் போகும் பேருந்துகளின் ஹாரன், நாங்குநேரிப் பக்கத்துக் கிராமங்களில் கொடை என்கிற கோவில் திருவிழா வந்தால் விடிய விடிய ஒலிபெருக்கி. இவற்றுக்கு நடுவே மெல்லிய மோதிரம் ஒன்று எழுப்புகிற சிறு ஒலியைக் கேட்டாக வேண்டும். கருவியின் சொந்த ஸ்பீக்கரை நம்பி இந்த இடங்களில் தேடுவது வீண் வேலை.

ஹெட்போனுக்குப் போவதற்கு முன், இரைச்சல் இரண்டு வகைப்படும் என்பதைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இதைக் குழப்பிக்கொள்கிறவர்கள்தான் ஹெட்போனைக் குறை சொல்லித் திருப்பிக் கொடுக்கிறார்கள். காதுக்கு வெளியே இருந்து வருவது ஒரு வகை. கருவிக்குள்ளேயே பிறந்து ஹெட்போன் வழியாக வருவது இன்னொரு வகை. உவரி, இடிந்தகரைக் கடற்கரைகளில் வரிவரியாகக் கறுத்தும் சிவந்தும் படிந்திருக்கும் இல்மனைட், கார்னெட் கலந்த தாதுமணலில் உப்புநீரும் ஊறியிருக்கும்போது, ஒரே அலைவரிசையில் இயங்கும் டிடெக்டர் ஒன்றுமே இல்லாத இடத்திலும் படபடவென்று பேசத் தொடங்கிவிடும். உயர் அழுத்த மின்கம்பிகளுக்குக் கீழேயும், கோவில் பந்தலில் தொங்கும் சீரியல் விளக்குகளுக்குப் பக்கத்திலும், சட்டைப் பையில் செல்பேசியை வைத்துக்கொண்டு குனியும்போதும் இதே கதைதான். எந்த ஹெட்போனும் இதைத் தீர்க்காது. நல்ல ஹெட்போன் இந்தப் படபடப்பை இன்னும் தெளிவாகக் கேட்கவைக்கும். இங்கே செய்ய வேண்டியது, கருவியின் உணர்திறனை ஓரிரு படி குறைப்பது, மண்ணுக்கேற்பச் சமன் செய்யும் வசதி இருந்தால் அதைச் செய்வது, மின்சாரக் குறுக்கீடு என்றால் அலைவரிசையைச் சற்று நகர்த்திப் பார்ப்பது ஆகியவையே.

உணர்திறன் வேறு, ஒலியளவு வேறு. உணர்திறனைக் கூட்டினால் கருவி ஆழத்தில் இருக்கும் சிறு பொருளுக்கும் பதில் சொல்லும்; கூடவே மண்ணுக்கும் மின்கம்பிக்கும் பதில் சொல்லும். ஒலியளவைக் கூட்டினால் ஏற்கெனவே வந்த பதில் உரத்துக் கேட்கும், அவ்வளவுதான். ஆற்றிரைச்சலில் ஒன்றும் கேட்கவில்லை என்று உணர்திறனை உச்சத்துக்குத் திருகுகிறவர்களைப் பல படித்துறைகளில் பார்த்திருக்கிறேன். அதேபோல், பெட்டியில் 10 கிலோஹெர்ட்ஸ் என்று அச்சிட்டிருப்பது கம்பிச் சுருள் மண்ணுக்குள் அனுப்பும் மின்காந்த அலையின் எண். நம் காதில் விழும் ஒலிக்கும் அதற்கும் தொடர்பில்லை. காதில் விழுவது கருவி தானாக உண்டாக்கித் தரும் ஒலி, பெரும்பாலும் சில நூறு ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும்.

பல கருவிகள் இரும்புக்குத் தாழ்ந்த ஒலியும், மெல்லிய தங்கத்துக்கும் அலுமினியத் தாளுக்கும் நடுத்தர ஒலியும், வெள்ளிக்கும் செம்புக்கும் உயர்ந்த ஒலியும் தருகின்றன. ஆற்றின் ஓசை எல்லாச் சுருதிகளிலும் பரந்து நிற்பது. அதனால் நடுத்தர ஒலியில் மெதுவாக முனகும் தங்க மோதிரம் அதில் மிக எளிதாக மூழ்கிவிடும். ஒலியின் சுருதியை மாற்றும் வசதி உள்ள கருவி என்றால், நடுத்தர ஒலியைச் சற்று உயர்த்தி வைத்துக்கொள்வது ஒலியளவைக் கூட்டுவதைவிட அதிகப் பயன் தரும். மைன்லேப் எக்வினாக்ஸ் 800 போன்ற கருவிகளில் மொத்த ஒலியளவை 0 முதல் 25 வரை வைப்பதோடு, இரும்பின் ஒலியை மட்டும் தனியாகத் தணிக்கவும் முடியும். பாபநாசத்தில் பரிகாரம் என்று ஆற்றில் விட்ட துணிகளின் ஊக்குகளும் கொக்கிகளும் படிக்கட்டெங்கும் கிடக்கின்றன. அங்கே இரும்பின் ஒலியைத் தணித்து வைக்காவிட்டால் அரை மணி நேரத்தில் தலை கிறுகிறுத்துவிடும்.

இனி ஹெட்போன். இதன் அடிப்படை எண்ணம் எளியது: உள்ளே கத்தவைப்பதற்குப் பதிலாக வெளியே உள்ளதை வாயடைப்பது. கடைக்காரரிடம் முதலில் பேசப் போனபோது அவருடைய எண்ணம் நேர்மாறாக இருந்தது. "அண்ணாச்சி, சத்தம் பத்தலைன்னா உள்ளே ஒரு சின்ன ஆம்ப் வச்சுத் தாரேன், காது கிழியிற மாதிரி கேக்கும்" என்றார். காது கிழிய வேண்டாம் என்பதற்காகத்தான் வந்திருக்கிறேன் என்று சொன்ன பிறகு சிரித்துவிட்டு, "அப்போ டயோடு போட்டுக் கட்டிப்போட்டுருவோம்" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கடையை நம்பலாம் என்று தோன்றியது.

அவர் சொன்ன டயோடு ஏற்பாடு இந்தப் பொருளின் சிறந்த பகுதி. 1 என் 4148 என்ற சின்னஞ்சிறு கண்ணாடி டயோடுகள் இரண்டை எதிரெதிர்த் திசையில் ஸ்பீக்கரின் குறுக்கே பற்றவைத்திருக்கிறார். மின்னழுத்தம் ஏறத்தாழ 0.7 வோல்ட்டைத் தாண்ட முயன்றால் அவை அதை அங்கேயே வெட்டிவிடுகின்றன. மெல்லிய ஒலிக்கு இதனால் எந்தப் பாதிப்பும் இல்லை. மண்ணின் மேலேயே கிடக்கும் குளிர்பான மூடி ஒன்றின் மீது சுருள் போகும்போது, பெட்டியில் வந்த ஹெட்போனில் தலையைப் பிளக்கும் கூச்சல் வரும். இதில் அது ஒரு தட்டையான, சற்றுக் கரகரத்த ஒலியாக நின்றுவிடுகிறது. ஒலியளவை உயர்த்தி வைத்துத் தேடத் துணிவு வருவதே இதனால்தான்.

திருகின் விஷயத்தில் முதல் முயற்சி சரியாக வரவில்லை. 1 கிலோ ஓம் திருகு ஒன்றை ஸ்பீக்கருடன் தொடராகக் கோத்திருந்தார்கள். முக்கால் பங்கு திருப்பும்வரை ஒலி ஏறக்குறைய அப்படியே இருந்து, கடைசிக் கால் பங்கில் திடீரென்று எகிறியது. ஈரக் கையோடு அந்தக் கால் பங்கில் நுணுக்கமாக நிறுத்துவது நடக்காத காரியம். திரும்பக் கொண்டு போனபோது முகம் சுளிக்காமல் 100 ஓம் திருகாக மாற்றி, மூன்று முனைகளையும் பயன்படுத்தி இணைத்துக் கொடுத்தார்கள். இப்போது தொடக்கம் முதல் முடிவுவரை ஒலி சீராக ஏறுகிறது. இரண்டு ஸ்பீக்கர்களும் தனித்தனியே 32 ஓம். அவற்றைத் தொடராக இணைத்திருப்பதால் இரண்டும் சேர்ந்து 64 ஓம் ஆகிறது. இதனால் மின்கலம் சற்றுக் கூடுதல் நேரம் தாங்குகிறது; ஆனால் ஒரு பக்கத்துக் கம்பி அறுந்தால் இரண்டு காதும் ஒருசேர ஊமையாகிவிடும்.

கம்பி நுழைவதற்காகக் கிண்ணத்தில் துளை போட்டால் காதுமூடியின் பலன் குறைந்துவிடும் என்ற என் கவலையைக் கடையில் எம்-சீல் வைத்துத் தீர்த்தார்கள். உள்பக்கமும் வெளிப்பக்கமும் பூசி, கம்பியைச் சுற்றி ஒரு மேடு போலப் பிடித்து வைத்திருக்கிறார்கள். அழகாக இல்லை, ஆனால் காற்றுப் புகவில்லை. காதுமூடியின் அட்டையில் என்ஆர்ஆர் (இரைச்சல் குறைப்பு மதிப்பீடு) 27 என்று போட்டிருப்பதை நம்பி 27 டெசிபல் குறையும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு சொல்லும் நடைமுறைக் கணக்கு, அந்த எண்ணிலிருந்து 7ஐக் கழித்து மீதியைப் பாதியாக்குவது. அப்படிப் பார்த்தால் 10 டெசிபல்தான். அந்தப் பத்தும் பெரிய விஷயம். 85 டெசிபலில் நாளுக்கு 8 மணி நேரம் என்று தொடங்கும் வரம்பு, மூன்று மூன்று டெசிபல் ஏறும்போது பாதி பாதியாகக் குறைந்து 100 டெசிபலில் 15 நிமிடத்துக்கு வந்துவிடுகிறது என்று அந்நாட்டின் தொழில்நல ஆய்வு நிறுவனம் வகுத்திருக்கிறது. ஆற்றிரைச்சலுக்கு மேலே கேட்க வேண்டும் என்று சாதாரண ஹெட்போனை முழு அளவில் வைத்து மாலைவரை தேடுகிறவர் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை இந்தக் கணக்கில் பார்த்துக்கொள்ளலாம்.

களத்தில் எப்படி என்றால், நீரோசையில் இது மிக நன்றாக வேலை செய்கிறது. பாபநாசம் படித்துறையில் இதை மாட்டிய உடனே ஆற்றின் சலசலப்பில் இருந்த கூர்மை போய்விடுகிறது. எங்கோ தூரத்தில் பெய்யும் மழை போல ஓர் அடங்கிய ஓசை மட்டும் மிஞ்சுகிறது. காதுமூடிகள் உயர்ந்த சுருதிகளை நன்றாகத் தடுக்கும், தாழ்ந்த சுருதிகளை அந்த அளவுக்குத் தடுக்காது என்பது இயற்பியல். அதனால் பாலத்தடியில் ஹாரன் ஒலி பாதிக்கு மேல் தணிந்தது, பேருந்து எஞ்சினின் உறுமல் அவ்வளவாகத் தணியவில்லை. கொடை நடக்கும் ஊரில்தான் இது தடுமாறுகிறது. வில்லுப்பாட்டின் குரலும் நையாண்டி மேளத்தின் நாகசுரமும் அடங்கிவிடுகின்றன. பெரிய பெட்டி ஒலிபெருக்கிகளின் அடித்தொனியோ கிண்ணத்தைத் தாண்டி வந்து சேருகிறது. அந்த அடித்தொனியும் கருவியின் இரும்பு ஒலியும் ஒன்றோடொன்று கலந்து குழப்புவதால், அங்கே இரும்பின் ஒலியை முற்றாக நிறுத்திவிட்டு நடுத்தர ஒலியை மட்டும் கவனித்தேன். ஊர்ப் பெரியவரிடம் சொல்லிப் பத்து நிமிடம் ஒலிபெருக்கியை நிறுத்தச் சொல்வது இதையெல்லாம்விடச் சுலபம் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். தொலைந்தது தாலி என்றால் யாரும் மறுப்பதில்லை.

ராதாபுரம், பணகுடி வட்டாரத்து ஆடிக் காற்றில் இது காட்டிய திறமைக்கு நான் தயாராக இருக்கவில்லை. காற்று ஹெட்போனின் விளிம்பில் உரசி எழுப்பும் ஊளை பெட்டியில் வந்த ஹெட்போனில் தாங்க முடியாததாக இருக்கும். கெட்டிக் கிண்ணத்தில் அது ஏறக்குறைய இல்லை. இரைச்சலை அதற்கு நேர்மாறான ஒலி அலையால் அழிக்கும் வசதி கொண்ட புளூடூத் ஹெட்போன் இதே இடத்தில் மோசமாகத் தோற்றது. அந்த வகை ஹெட்போன்கள் எஞ்சின் உறுமல் போன்ற தாழ்ந்த, மாறாத ஓசையை நன்றாக அடக்கக்கூடியவை. ஆனால் வெளியே உள்ள மைக்கில் காற்று நேரடியாக அடிக்கும்போது அதையே இரைச்சலாகக் காதுக்குள் கொண்டுவந்துவிடுகின்றன.

புளூடூத்தில் இன்னொரு சிக்கல் தாமதம். சாதாரண புளூடூத் ஒலி வந்து சேர ஏறக்குறைய 200 மில்லி விநாடி பிடிக்கும். சுருளை விநாடிக்கு ஒரு மீட்டர் வேகத்தில் வீசினால், ஒலி கேட்கும்போது சுருள் பொருளைத் தாண்டி 20 சென்டிமீட்டர் போயிருக்கும். வலமிருந்து வீசும்போது ஓரிடமும் இடமிருந்து வீசும்போது வேறிடமும் காட்டும். நடுவில் தோண்டினால் பொருள் இருக்கும் என்று பழகிக்கொள்கிறவர்கள் உண்டு, எனக்கு அந்தப் பொறுமை இல்லை. ஆப்டெக்ஸ் லோ லேட்டன்சி என்ற முறையில் தாமதம் 40 மில்லி விநாடி அளவுக்கு இறங்கிவிடும். மைன்லேப்பின் வை-ஸ்ட்ரீம் முறைக்கு 17 மில்லி விநாடி என்று சொல்லப்படுகிறது. அந்த அளவில் ஒன்றும் தெரியாது. கருவியும் ஹெட்போனும் இரண்டுமே அந்த முறையை ஏற்க வேண்டும் என்பதை மட்டும் வாங்கும்முன் பார்த்துக்கொள்ள வேண்டும். கம்பியுள்ள இந்தக் காதுமூடியில் இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

இதன் பெரிய குறை வெயில். சித்திரையில் பாளையங்கோட்டையில் இதை அணிந்து ஒரு மணி நேரம் நின்றால் கிண்ணத்துக்குள் வியர்வை தேங்கி, குனியும்போது கன்னத்தில் வழிகிறது. ரெக்சின் உறையிட்ட மெத்தை தலையெண்ணெயும் உப்பும் பட்டுச் செதில் செதிலாக உரியத் தொடங்கிவிட்டது. பழைய பனியனை வெட்டி உறை தைத்துப் போட்டிருக்கிறேன், அது தொடுவதற்கு இதமாக இருந்தாலும் அடைப்பைச் சற்றுக் குறைக்கிறது. மூக்குக் கண்ணாடி அணிகிறவர்கள் தங்கள் கண்ணாடியோடு போட்டுப் பார்த்தே காதுமூடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். கண்ணாடிக் காம்பு மெத்தையைத் தூக்கிப் பிடிக்கும் அந்த நூலிழை இடைவெளி போதும், ஆறு முழுவதும் உள்ளே வந்துவிடும். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அதன் மேல் இதை மாட்டுவதும் அப்படித்தான். துண்டு வேண்டுமென்றால் தலைப்பட்டைக்கு மேலே போர்த்திக்கொள்ள வேண்டும்.

எடையும் சொல்லத் தக்கது. பெட்டியில் வந்ததைவிட இது இரண்டு மடங்காவது கனக்கிறது. கழுத்து வலி உள்ளவர்களுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

இரண்டு காதையும் மூடிக்கொண்டு ஆற்றில் இறங்குவதைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். குற்றாலம் பேரருவியில் நீர் பாதுகாப்பு வளைவைத் தாண்டிக் கொட்டத் தொடங்கினால் காவலர்கள் ஆட்களை வெளியேற்றுவார்கள். அந்த விசிலும் கூச்சலும் இந்தக் காதுமூடிக்குள் கேட்பதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் வந்த திடீர் வெள்ளம் ஓர் உயிரைக் கொண்டுபோனது. மேலே மலையில் பெய்தது கீழே நின்றவர்களுக்குத் தெரியவில்லை. அருவிக் கரையிலும், அணையிலிருந்து தண்ணீர் திறக்கும் காலத்தில் தாமிரபரணிப் படுகையிலும், நான் ஒரு கிண்ணத்தைக் காதுக்குப் பின்னால் தள்ளிவிட்டே தேடுகிறேன். அப்போது தேடலின் தரம் குறையத்தான் செய்யும். துணைக்கு ஒருவர் கரையில் நின்று மேல்நீரைப் பார்த்துக்கொண்டிருந்தால் மட்டுமே இரண்டு காதையும் மூடலாம். அவர் கூப்பிட வேண்டியதில்லை, நம் இடுப்பில் கட்டிய கயிற்றை ஓர் இழுப்பு இழுத்தால் போதும். அதனாலேயே கிண்ணம் பின்னோக்கித் திரும்பும் வகைக் காதுமூடியாகப் பார்த்து வாங்குவது முக்கியம். மலிவான சில வகைகளில் கிண்ணம் அசையாது.

காதுமூடியையும் சேர்த்து எனக்கு மூவாயிரம் ரூபாய்க்குள் முடிந்தது. வெளிநாட்டிலிருந்து வரவழைக்கும் இதே வகை ஹெட்போன்களோடு ஒப்பிட்டால் இது மலிவு. மண்ணில் அழுக்காவதைப் பற்றி மனம் பதறுவதும் இல்லை. நீரில் மூழ்க இது ஆகாது, முழங்கால் ஆழத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டும். நீருக்குள் தலை முங்கித் தேடுகிறவர்களுக்குக் கருவியின் நிறுவனமே செய்யும் நீர்புகாத கம்பி ஹெட்போன்தான் வழி. கம்பியில்லா அலை நீரைக் கடந்து வராது. கடையில் கால தாமதம் உண்டு. கொடைப் பருவத்தில் மைக் செட் வேலைகளே அங்கு முந்தும் என்பதால், ஐப்பசி மழைக் காலத்தில் கொடுத்தால் விரைவில் கிடைக்கும்.

கொடுக்கும்போது டிடெக்டரையும் கையோடு கொண்டுபோவது நல்லது. சில கருவிகளில் ஹெட்போன் செருகும் துளை 6.35 மில்லிமீட்டர், சிலவற்றில் 3.5, இடையில் அளவு மாற்றும் அடாப்டர் ஒன்றைச் செருகினால் அதன் நீளமே நெம்புகோலாகித் துளையை ஆட்டிவிடும் என்பதால், சரியான அளவில் வளைந்த பின்னையே கேட்டு வாங்க வேண்டும். ஒற்றை ஒலித்தடத் துளையில் சாதாரண ஸ்டீரியோ ஹெட்போனைச் செருகினால் ஒரு காதில்தான் கேட்கும். இந்தக் கடையில் ஸ்டீரியோ பின்னையே போட்டு, அதன் நடு வளையத்தை எதனுடனும் இணைக்காமல் விட்டு, நுனிக்கும் அடிப்பகுதிக்கும் இடையே இரண்டு ஸ்பீக்கர்களையும் தொடராகக் கோத்துவிடுகிறார்கள். இப்படிச் செய்தால் இரண்டு வகைத் துளையிலும் இரண்டு காதிலும் கேட்கிறது. நண்பர் ஒருவருடைய கருவியிலும் மாற்றி மாட்டிப் பார்த்துவிட்டேன், அதிலும் தடையின்றி வேலை செய்தது.